சிவப்பு மையில் ஏழு விலாசங்கள்

ஆர்டிஸ் குவாமியைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. பத்திரிகைக்காரர்கள் மூன்று நாள் எழுதினார்கள். பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை, ‘ஆர்லிஸ்’ என்று போட்டார்கள். மாவட்டக் கோர்ட்டின் படியில் அவள் இறங்கும்போது எடுத்த படம் ஒன்றும் வந்தது. கோட்டுக் காலரெல்லாம் நாய் முடி. அதைப் பார்த்துவிட்டு, “அடியே ரோசலி, மோசடிக்காரின்னு போட்டதுகூடப் போகட்டும். பக்கத்துலதானே நின்ன, அந்த முடியைத் தட்டி விட்டிருக்கக் கூடாதா?” என்று என்னைத் திட்டினாள். அவள் குணம் அப்படி. எனக்கு அந்தக் குணம் கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் வந்ததுதான், இன்னும் அடங்கவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் விட்டன் ரிட்ஜில் மனிதர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், மாடுகள் அதற்கு மூன்று மடங்கு. ஆர்டிஸ் இருபத்தேழு வருடமாக இந்த ஊருக்குக் கிளார்க். நாய் லைசன்ஸ், சருகு எரிக்க அனுமதி, கல்லறையில் இடம், தேர்தல், எல்லாம் அவள் கையில்தான். டவுன் ஹாலின் பின்னால் அவளுக்கென்று ஓர் அறை உண்டு. அங்கே ஹீட்டர் வேலை செய்யாது, அதனால் பாதி வேலை அவள் வீட்டுச் சமையலறை மேஜையில்தான் நடக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “ஒருத்தன் கேட்டான். அவன் சொன்ன தேதியில தேர்தல் இருந்துச்சு” என்பாள். நிஜமா விளையாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்சிப் பெயரை எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் சின்னத்தைச் சொல்கிறேன்: யானை, கழுதை. நான் கழுதை. எங்கள் ஊரில் மூன்றில் இரண்டு பேர் யானை. முன்பெல்லாம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருவோம். இப்போது யானைக்காரர்கள் ஜன்னல் பக்கம், நாங்கள் கல்லாப்பெட்டிப் பக்கம். உப்பு தீர்ந்தால்கூட அந்த மேஜையில் கேட்பதில்லை. ஆர்டிஸ் மட்டும் நடுவில் தூணோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் எந்தக் கட்சி என்று முப்பது வருடச் சினேகிதி எனக்கே சொன்னதில்லை.

யானைக்காரர்கள் மட்டும்தான் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஓட்டு எந்திரம் இருபது நிமிடம் சிக்கிக்கொண்டது. அந்தத் தடவை தோற்றது நாங்கள். அப்போது எங்கள் ஆட்கள்தான் அவள் வீட்டு வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அட்டை பிடிக்கவில்லை, ஆனால் பிடித்தவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, “என் வாசல்ல நிக்கறவங்களுக்கு என் வீட்டுக் காபியைக் குடுத்திருக்கலாம்ல, உன் காபி கழனித்தண்ணி” என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாநிலத்தில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர்கள் சீட்டைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட வேண்டும். கூட இருக்கிற ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுத் தன் விலாசத்தை எழுத வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள், விலாசம் எழுத மாட்டார்கள். என் வீடு எங்கே என்று ஆர்டிஸுக்குத் தெரியாதா என்கிற மிதப்பு. அவளும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அந்த விலாசத்தை எழுதிவிடுவாள். எது தன் கை என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்றுதான் சிவப்பு. பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் போடுவாள். அப்படிச் செய்யலாம் என்று அப்போது மாநிலத் தேர்தல் ஆணையமே சொல்லியிருந்தது. பிறகு யாரோ வழக்குப் போட்டார்கள், கிளார்க் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. அன்றைக்கே அவள் சிவப்புப் பேனாவை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் விலாசம் இல்லாத கவர் வந்தால் போன் போட்டு ஆளை வரவழைப்பாள். வந்து எழுதிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

போன நவம்பரில் தேர்தலுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. ஒன்றரை அடி பனி. தபாலில் வந்த கவர்களில் ஏழில் விலாசம் இல்லை. ரிட்ஜ் சாலையைப் பனி வண்டி இன்னும் வழிக்கவில்லை. ஆர்டிஸ் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு பேரில் மூன்று பேர் குளிருக்குப் பயந்து அரிசோனாவில் போய் உட்கார்ந்திருக்கிறவர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில். இரண்டு பேர் கார் எடுக்க முடியாத கிழவர்கள். ஏழாவது கவர் அவள் தம்பி லைலுடையது.

லைல் அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினவள் ஆர்டிஸ்தான். பண்ணையும் பழைய வீடும் அவனுக்குப் போயிற்று. அவள் சர்ச் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் யானை, சாதாரண யானை இல்லை, தொப்பி, கொடி, வாசலில் ஆறடிப் பலகை எல்லாம் வைத்திருக்கும் யானை. ஊர் நிர்வாகக் குழுவின் மூன்று பேரில் அவனும் ஒருவன். அக்காவோடு அரசியல் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

அன்று மத்தியானம் அவன் போன் செய்தபோது மறுநாள் சாவடி ஊழியராக இருக்க வேண்டிய நான் அவள் சமையலறையில் வாக்காளர் பட்டியலை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நிறைய மாவு என்பதால் போனை மேஜைமேல் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள். ஓட்டுச் சாவடிக்கு வருகிற எல்லோருக்கும், எந்தக் கட்சியானாலும், அவள் கையால் ஒரு துண்டு சாக்லேட் கேக் உண்டு. அதற்கான மாவு அது.

“அக்கா, ஜெனல் விலாசம் எழுத மறந்துட்டாளாமே?”

“ஆமாண்டா. பொண்டாட்டியை வந்து எழுதச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை.”

“அவளுக்கு நூத்திரெண்டு காய்ச்சல். எனக்கு இடுப்புல கம்பி வச்சு இன்னும் தையல் பிரிக்கல. ரோடு வேற மூடிக் கெடக்கு. நீயே எழுதிடு.”

“இப்ப எழுதக் கூடாதுடா, சட்டம் மாறிப் போச்சு.”

“ஊருக்கெல்லாம் மாறட்டும். அது நம்ம அம்மா வீடு அக்கா. நீ பொறந்த வீடு. அந்த விலாசத்தை எழுத உனக்கு எவன் உத்தரவு குடுக்கணும்?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் இதுவரைக்கும் ஒரு எலக்‌ஷன்லகூட ஓட்டுப் போடாம இருந்ததில்ல அக்கா” என்றான் அவன். குரல் இறங்கிப் போயிருந்தது. அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

எழுதி முடித்துவிட்டு மற்ற ஆறு கவரையும் பார்த்தாள். எனக்கு அவள் முகம் புரிந்துவிட்டது. “வேணாம்டி, ஒண்ணோட நிறுத்து” என்றேன்.

“தம்பிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? அந்த ஆறு பேரும் யாருன்னு எனக்குத் தெரியாதா?”

அப்போது நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி எழுதித் தொலை, யாரு பாக்கப் போறா” என்றேன். ஆறு கவரிலும் எழுதினாள். சிவப்பு மையில், முதலெழுத்தோடு. ஒளிக்க நினைத்திருந்தால் வீட்டில் நீலப் பேனா இல்லாமலா போயிற்று?

எங்கள் தொகுதியில் மாநிலச் சட்டசபைக்கு யானைக்காரர்களின் டெட்மன் நான்கு ஓட்டில் தோற்றார். பத்தொன்பதாயிரம் ஓட்டில் நான்கு! நான்கு என்பது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மறு எண்ணிக்கை கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நாங்களாக இருந்தாலும் கேட்டிருப்போம். ஒவ்வோர் ஊரின் கவரையும் சீட்டையும் மறுபடி பார்ப்பதற்காகப் பெட்டிகளெல்லாம் மாவட்டத் தலைநகருக்குப் போயின. சிவப்பு மை கவர்கள் கண்ணில் படாமல் இருக்காது என்று ஆர்டிஸுக்குத் தெரியும். தானாகவே மாவட்ட கிளார்க்குக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டாள். அவ்வளவுதான், இரண்டு நாளில் அது ஊர் முழுக்கப் பரவி, ‘ஏழு கவரைத் திருத்திய கிளார்க்’ என்று ஆகி, சனிக்கிழமைக்குள் எழுபது கவர் ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“லைல் கேட்டுத்தான் எழுதினேன்னு சொல்லுடி” என்றேன்.

“நான் சொன்னா, மாட்டிக்கிட்டவ தப்பிக்கப் பேசறான்னு ஆயிடும். நீ சொன்னா கழுதை சொல்லுதுன்னு ஆயிடும். அவன் சொன்னாத்தான் அவங்க காதுல ஏறும்.”

“அப்ப அவனைச் சொல்லச் சொல்லு.”

“கேட்டுச் சொல்ல வச்சா அது என்ன சொல்லு? அவனே சொல்லுவான்டி. நான் வளத்த பய.”

அவள் அவனிடம் கேட்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் போனேன். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி வேகவைத்த ஒரு பெரிய தட்டை எடுத்துக்கொண்டு, காய்ச்சல்காரியைப் பார்க்கப் போகிற சாக்கில் போனேன். ஜெனல் தூங்கிக்கொண்டிருந்தாள். லைல் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தான்.

“ஏண்டா லைல், உங்க அக்காவை ஊரே கிழிக்குதே, உன் வாயில என்ன கொழுக்கட்டையா?”

“உக்காருங்க ரோசலி அக்கா.”

“உக்கார வரல. நீ போன்ல கேட்டதை நான் கேட்டேன். மறு எண்ணிக்கைக்கு யானைக்காரங்க சார்பா மேற்பார்வை பாக்க நீயும் போறியாமே. அங்க எழுந்து நின்னு, ‘நான்தான் எழுதச் சொன்னேன்’னு நாலு வார்த்தை சொல்லு. போதும். மோசடிங்கற பேச்சே அதோட செத்துடும்.”

அவன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றான். “நீங்க நினைக்கற மாதிரி இல்ல. என் பாலை எடுக்கறவன் அவங்க ஆளு. வைக்கோல் குடுக்கறவன் அவங்க ஆளு. இடுப்பு உடைஞ்சு கெடந்தப்ப மூணு வாரம் என் மாட்டைக் கறந்தது யாரு? டெட்மனோட மச்சான். அவங்க முன்னால போய், நம்ம கட்சி தோத்த எலக்‌ஷன்ல தில்லுமுல்லு எதுவும் நடக்கலன்னு நான் சொல்லணும். அப்புறம் இந்த ஊர்ல நான் யாரோட காபி குடிக்கறது?”

“உங்க அக்கா யாரோட குடிக்கறான்னு யோசிச்சியா?”

அவன் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, அது நிஜம். அவனை மகா பாவி என்று எழுதினால் என் கோபத்துக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. வாசல்வரை வந்து, “பாக்கறேன் அக்கா. கண்டிப்பா பாக்கறேன்” என்றான். அதை அப்படியே ஆர்டிஸிடம் சொன்னேன். அவள் அன்று இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிட்டே நான் பார்க்கவில்லை.

மறு எண்ணிக்கை கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. நீள மேஜைகள், அவற்றைச் சுற்றித் தரையில் மஞ்சள் பட்டை. பட்டைக்கு அந்தப் பக்கம் எண்ணுகிறவர்கள், இந்தப் பக்கம் இரு கட்சி மேற்பார்வையாளர்கள், அதற்கும் பின்னால் என்னைப் போன்ற வேடிக்கை பார்க்கிற ஜனம். யானைக்காரர்களின் வக்கீல் நகரத்திலிருந்து வந்தவர், மெல்லிய காலணி போட்டுக்கொண்டு பனியில் வந்திருந்தார். எங்கள் பக்கத்து வக்கீலம்மாவுக்குச் சளி. அவர் நாள் முழுக்க மூக்கைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு விட்டன் ரிட்ஜ் பெட்டியைத் திறந்தார்கள். நகரத்து வக்கீல் ஏழு கவரையும் வரிசையாக வைத்தார்.

“இது யார் கையெழுத்து மேடம்?”

“என்னுது.”

“எழுதக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எழுதினீங்க.”

“எழுதினேன். அந்தச் சாட்சிங்க யாரு, எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். பனி. நேரம் இல்ல. தப்புதான்.”

அவர் ஒவ்வொரு கவரிலிருந்தும் பெயரைப் படித்தார். ஏழாவதை எடுத்ததும் ஒரு கணம் நின்று, தன் பக்கத்தில் கட்சி அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தார். லைல் குவாமி. அந்த வக்கீலுக்கே அப்போதுதான் தெரியும். ஆனால் வக்கீல் அல்லவா, ஒரு நொடியில் அதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்.

“பாருங்க. சொந்தத் தம்பி. எங்க கட்சிக்காரர். அவரோட கவரைக்கூட இந்த அம்மா விட்டு வைக்கல. எங்க ஆளுங்க ஓட்டைச் செல்லாததா ஆக்கணும்னே பண்ணியிருக்காங்களோன்னு கேக்க வேண்டியிருக்கு.”

ஆர்டிஸ் தம்பியைப் பார்த்தாள். முறைக்கவில்லை, கெஞ்சவுமில்லை. பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்துபோன பிள்ளைக்கு முதல் வார்த்தை ஞாபகம் வராதா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். லைல் தொப்பியைக் கழற்றி அதன் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் நாற்பது பேர். நான் மனசுக்குள், சொல்லுடா, சொல்லுடா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அடப் பாவி! அவன்தான்யா போன்ல எழுதச் சொன்னான்! என் காதால கேட்டேன்!” என்று கத்தினேன்.

வக்கீல் திரும்பி மரியாதையாகக் கேட்டார்: “நீங்க ஓட்டுச் சாவடி ஊழியரா மேடம்? எந்தக் கட்சிப் பட்டியல்ல வந்தீங்க?”

எங்கள் மாநிலத்தில் சாவடி ஊழியர்களின் பெயரைக் கட்சிகள்தான் கொடுக்கும். நான் கழுதைப் பட்டியல். அதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. யானைப் பக்கமிருந்து யாரோ கழுதை மாதிரிக் கனைத்தார்கள், நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் பக்கம் அதைவிட மோசம். ஆர்டிஸுக்காக ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தது நாங்கள் என்பதால், கிளறாமல் விட்டால் போதும் என்று இருந்தார்கள். எண்ணிக்கைக் குழுத் தலைவி மேஜையைத் தட்டி, இன்னொரு முறை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். நான் உட்கார்ந்தேன்.

ஏழு கவரும் செல்லாது என்று ஆயிற்று. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. கவரையும் சீட்டையும் தேர்தல் அன்றே பிரித்தாகிவிட்டது. எந்தச் சீட்டு எந்தக் கவரிலிருந்து வந்தது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அந்த மாதிரி சமயத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: அந்த ஊர்த் தபால் சீட்டுகளையெல்லாம் கலைத்து வைத்து, கண்ணால் பார்க்காமல், எத்தனை கவர் செல்லாதோ அத்தனை சீட்டை உருவித் தள்ளிவிடுவது. யாருடையது போகும் என்பது அவரவர் விதி.

தபால் ஓட்டென்றால் கழுதை ஓட்டு என்று நகரத்து வக்கீலுக்கு ஒரு கணக்கு. நகரத்தில் அப்படித்தான் போலிருக்கிறது. எங்கள் ஊரில் குளிருக்கு அரிசோனா போகிற வசதி யாருக்கு இருக்கிறது? பண்ணையை விற்றுப் பணம் பண்ணின பழைய யானைகளுக்குத்தான். இது ஆர்டிஸுக்குத் தெரியும், லைலுக்கும் தெரியும். லைல் வக்கீலிடம் இதையாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு எதற்குமே வாய் வரவில்லை.

நாற்பத்தொரு சீட்டு. குழுவிலிருந்த ஓர் அம்மாள், பள்ளி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினார். யானை. யானை. கழுதை. யானை. நான்காவது சீட்டின் கீழே, மரண விசாரணை அதிகாரி பதவிக்கு எதிரே, நடுங்குகிற கையால் ‘மெர்ல் ஹௌகன்’ என்று எழுதியிருந்தது. மெர்ல் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் பெண்டாட்டி டோரிஸ் ஒவ்வொரு தேர்தலிலும் ஏதாவது ஒரு பதவிக்குப் புருஷன் பெயரை எழுதிவிடுவாள் என்று ஊருக்கே தெரியும். டோரிஸின் கவரில் ஒரு குறையும் இல்லை. சாட்சி, விலாசம் எல்லாம் பொட்டுப் பிசகாமல் இருந்தன. அவள் சீட்டைத் தூக்கித் தள்ளுபடிப் பெட்டியில் போட்டார்கள். அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிற கிழவிக்கு இது தெரியப்போவதில்லை. ஆர்டிஸ் அப்போதுதான் அழுதாள், அதுவரை அழவில்லை.

யானை. கழுதை. யானை. ஆக ஐந்துக்கு இரண்டு. நான்கு ஓட்டில் தோற்ற டெட்மன் ஏழு ஓட்டில் தோற்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் நகரத்து வக்கீல் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார், பழி ஊரிலேயே தங்கிவிட்டது. வெளியே வருவதற்குள், அந்த ஐந்து சீட்டையும் ஆர்டிஸ்தான் ஏதோ அடையாளம் வைத்து எடுக்க வைத்தாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மேஜையிலிருந்து இருபது அடி தள்ளி நின்றாள் ஐயா! இருபது அடி!

அதற்கப்புறம் மூன்று வாரம். மாவட்ட அரசு வக்கீலிடமிருந்து ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தது. நாய் லைசன்ஸுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்க்காமல் வாசல் பெட்டியில் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்காரன் முகம் பார்க்காமல் பாக்கிச் சில்லறை கொடுத்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு அவள் வருவது நின்றது. நான் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். அதை ஆறவைத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லைலின் வண்டி சர்ச்சுக்குப் போக அந்த வழியாகத்தான் வரும். இப்போது அவன் சுற்றிக்கொண்டு மேல் சாலையில் போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

“வேலை போனாப் போகுதுடி” என்றாள் ஒரு நாள். “இருபத்தேழு வருஷம் போதும். ஆனா அவன் ஒரு தடவை, எங்கயாவது, யார்கிட்டயாவது சொல்லணும். நான் திருடலன்னு. அது மட்டும் போதும் எனக்கு.”

டிசம்பர் இரண்டாம் செவ்வாய் ஊர்க் கூட்டம். டவுன் ஹாலில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு நானும் ஒரு பூனையும்தான் வருவோம். குழுவில் மூன்று பேர்: தலைவர் வெர்ன் ஸ்டூபர், டேரல் நஸ், லைல். மூவரும் யானை. பக்கத்தில் சின்ன மேஜையில் ஆர்டிஸ், நோட்டுப் புத்தகத்தோடு. கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று குறித்துக்கொள்வது கிளார்க்கின் வேலை. அன்றைக்கு மட்டும் வேறு யாராவது எழுதட்டும் என்று வெர்ன் சொல்லிப் பார்த்தார். “நான் இருக்கற வரைக்கும் நான்தான் எழுதுவேன்” என்றாள்.

டேரல் எழுந்து, கிளார்க் ஆர்டிஸ் குவாமியைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவள் எழுதினாள். வெர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு எழுபத்தினாலு வயசு. நானும் உங்க கட்சிதான். ஆனா இந்தப் பொண்ணு வேணும்னு ஒரு தப்பும் பண்ணியிருக்கும்னு எனக்குத் தோணல. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா இப்ப பேசுங்க” என்றார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் கண் லைல் மேல்தான் இருந்தது. கிழவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே.

முதல் வரிசையில் டெட்மனின் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸ் பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். இப்போது சொன்னாலும் போதும். நான் சேரின் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

“சரி, ஓட்டெடுப்பு” என்றார் வெர்ன். “டேரல்?”

“ஆம்.”

“நான், இல்லை.” அவள் இரண்டையும் எழுதினாள். “லைல்?”

லைலின் உதடு அசைந்தது. முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. வெர்ன் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“லைல், கேக்கல. சத்தமாச் சொல்லு. நான் எழுதணும்.”

“ஆம்” என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள்.